பாஸ்வேர்டு சரி, ஆனாலும் மெயில் திறக்கவில்லை

பிரவுசர் தானாக அப்டேட் ஆன மறுநாள் வெப்மெயில் திறக்காமல் போவது பலருக்கும் நேர்கிறது. நேற்று வரை வேலை செய்த அதே பாஸ்வேர்டுதான். இணைய இணைப்பிலும் குறையில்லை. ஆனால் என்டர் தட்டினால் பக்கம் ஒரு கணம் சுற்றிவிட்டு மறுபடி லாகின் பக்கத்திலேயே வந்து நிற்கிறது. சிலருக்குப் பாதுகாப்பான இணைப்பை ஏற்படுத்த முடியவில்லை என்று எச்சரிக்கை வரும். இன்னும் சிலருக்கு வெறும் வெள்ளைத் திரைதான்.

அந்தப் பதற்றத்தில் கை முதலில் போவது மூன்று காரியங்களுக்கு. ஒன்று, ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டதா?’ என்பதை அழுத்துவது. அடுத்தடுத்து முயன்றால் கணக்கைத் தற்காலிகமாகப் பூட்டிவிடும் சேவைகள் உண்டு. இல்லாத சிக்கலை நாமே வரவழைத்துக்கொள்வோம். இரண்டு, பிரவுசரில் சேர்ந்திருப்பதை ஒட்டுமொத்தமாக அழிப்பது. அதில் மற்ற எல்லாத் தளங்களின் லாகினும் போய்விடும். கவனிக்காமல் டிக் செய்தால் சேமித்த பாஸ்வேர்டுகளும் போகும். மூன்று, பழைய பிரவுசரைத் தேடிப்பிடித்துப் போடுவது. அடைக்கப்பட்ட ஓட்டையை நம் கையாலேயே திறந்துவிடுகிற வேலை அது.

லாகின் என்பது ஒரே அழுத்தில் முடிகிற காரியம்போலத் தெரிந்தாலும் அதற்குள் மூன்று கட்டங்கள் இருக்கின்றன. முதலில் பிரவுசரும் சர்வரும் ரகசியமாகப் பேசிக்கொள்ள ஓர் இணைப்பு அமைய வேண்டும். அடுத்து, லாகின் பக்கம் முழுதாக இறங்கி, அதிலுள்ள நிரல் ஓட வேண்டும். மூன்றாவதாக, பாஸ்வேர்டை ஏற்றுக்கொண்ட சர்வர், ‘இவர் இன்னார்’ என்பதை அடுத்த பக்கத்திலும் அடையாளம் காண வேண்டும். அப்டேட்டுக்குப் பின் வரும் சிக்கல் பெரும்பாலும் இவற்றில் ஏதோ ஒரு கட்டத்தில்தான் இருக்கும். எந்தக் கட்டம் என்று தெரிந்துகொள்ளாமல் எதையும் மாற்றக் கூடாது. இந்தக் கட்டுரை வலியுறுத்துவது அதைத்தான்.

ஞாபகம் இல்லாத சர்வர்

மூன்றாவது கட்டத்திலிருந்தே தொடங்கலாம். அதிகம் குழப்புவது அதுதான்.

இணையப் பக்கங்களைக் கொண்டுவந்து தரும் ஹெச்டிடிபி நெறிமுறைக்கு ஞாபகம் என்பதே கிடையாது. பிரவுசர் ஒரு பக்கத்தைக் கேட்கும், சர்வர் அனுப்பும், அத்தோடு முடிந்தது. அடுத்த நொடியே அதே பிரவுசர் இன்னொரு பக்கத்தைக் கேட்டாலும், சற்று முன் வந்தவர்தான் இவர் என்று சர்வருக்குத் தெரியாது. 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மொன்டுல்லி இதற்கு ஒரு வழி கண்டார். சர்வர் ஒரு சிறிய எழுத்துக்கோவையைப் பிரவுசரிடம் கொடுத்து வைக்கும். அந்தத் தளத்துக்கு மறுபடி போகும்போதெல்லாம் பிரவுசர் அதைக் காட்டும். அதுதான் குக்கி.

கோயில் வாசலில் செருப்பு விடும் இடத்தில் தருகிற டோக்கன் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் உங்கள் பெயர் இருக்காது, எண் மட்டும் இருக்கும். அதை நீட்டினால் செருப்பு வரும். தொலைத்துவிட்டால், கால் மணி நேரத்துக்கு முன்பு விட்டவர் நீங்கள்தான் என்றாலும் அங்கிருப்பவரால் ஒன்றும் செய்ய முடியாது.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கணினியில் பிரவுசரைத் திறந்து எஃப்12 விசையை அழுத்தி, ‘நெட்வொர்க்’ பிரிவைத் திறந்து வைத்துக்கொண்டு லாகின் செய்தால் ஒவ்வொரு கோரிக்கையும் ஒரு வரியாக வந்து விழும். கல்லூரிகளும் ஹோஸ்டிங் நிறுவனங்களும் பரவலாகப் பயன்படுத்தும் ரவுண்ட்கியூப் போன்ற எளிய வெப்மெயிலில் இது தெளிவாகத் தெரியும். முதலில் பாஸ்வேர்டைக் கொண்டுபோகும் கோரிக்கை. அதற்குச் சர்வர் 302 என்ற எண்ணுடன் பதில் தரும். ‘வேறு முகவரிக்குப் போ’ என்று அதற்குப் பொருள். அந்தப் பதிலின் தலைப்பகுதியில் ‘செட்-குக்கி’ என்று தொடங்கும் வரி இருக்கும். ஒரு பெயர், சமக்குறி, படித்தால் ஒன்றும் புரியாத நீளமான எழுத்துக்கோவை, அதற்குப் பின் அரைப்புள்ளி இட்டுப் பிரித்த சில நிபந்தனைகள்: ‘பாத்’, ‘செக்யூர்’, ‘ஹெச்டிடிபி-ஒன்லி’, ‘சேம்சைட்’.

அடுத்த வரி, இன்பாக்ஸைக் கேட்கும் கோரிக்கை. அதனுடன் குக்கியும் போயிருந்தால் 200 என்ற எண்ணுடன் இன்பாக்ஸ் வந்துவிடும். போகவில்லையென்றால் இன்னொரு 302, லாகின் பக்கத்துக்கே திருப்பிவிடும். பாஸ்வேர்டு சரி என்று சர்வர் ஒப்புக்கொண்டாகிவிட்டது. ஒப்புக்கொண்டதற்கான அடையாளம்தான் அடுத்த கோரிக்கையில் வந்து சேரவில்லை. ‘பாஸ்வேர்டு தவறு’ என்ற செய்தியே வராமல் லாகின் பக்கம் திரும்பத் திரும்ப வருவதற்கும், ‘உங்கள் செஷன் காலாவதியாகிவிட்டது’ என்று உள்ளே நுழையும் முன்பே செய்தி வருவதற்கும் பெரும்பாலும் காரணம் இதுதான்.

2020-இல் நடந்தது

குக்கி ஏன் அப்டேட்டுக்குப் பிறகு போய்ச் சேராமல் போகிறது? இதற்கு நன்கு பதிவான ஒரு நிகழ்வு இருக்கிறது.

குக்கிக்குப் பிறப்பிலேயே ஒரு பலவீனம் உண்டு. கோரிக்கை எந்தப் பக்கத்திலிருந்து கிளம்பினாலும், அது போய்ச் சேருகிற தளத்தின் குக்கியைப் பிரவுசர் தானாகவே சேர்த்து அனுப்பிவிடும். ஒரு டேபில் மெயிலைத் திறந்து வைத்திருக்கிறீர்கள். இன்னொரு டேபில் ஒரு மோசடிப் பக்கம் திறந்திருக்கிறது. அந்தப் பக்கம் கண்ணுக்குத் தெரியாத ஒரு படிவத்தை உங்கள் மெயில் தளத்துக்கு அனுப்பினால் உங்கள் குக்கியும் கூடவே போகும். கேட்டது நீங்கள்தான் என்று சர்வர் நம்பிவிடும். 2007-இல் ஜிமெயிலிலேயே இப்படி ஓர் ஓட்டை வெளியே தெரிந்தது. லாகின் செய்திருப்பவர் மோசடிப் பக்கத்தைத் திறந்தாலே போதும், அவருக்குத் தெரியாமல் அவர் கணக்கில் ஒரு ஃபில்டர் முளைத்து, வருகிற மெயில்களை வேறொரு முகவரிக்கும் அனுப்பத் தொடங்கிவிடும். கூகுள் அந்த ஓட்டையை அடைத்தது. ஆனால் ஏற்கெனவே நுழைந்துவிட்ட ஃபில்டரைக் கணக்குக்கு உரியவர்தான் தேடி நீக்க வேண்டியிருந்தது.

இந்த வகைத் தாக்குதலைப் பிரவுசர் மட்டத்திலேயே தடுப்பதற்காக வந்ததுதான் ‘சேம்சைட்’ என்ற நிபந்தனை. 2016-இல் குரோம் 51-ஆம் பதிப்பு அதை ஏற்றுக்கொண்டது. வேறு தளத்திலிருந்து வரும் கோரிக்கையுடன் இந்தக் குக்கியை அனுப்பலாமா கூடாதா என்பதைத் தளமே சொல்லலாம். ‘ஸ்ட்ரிக்ட்’ என்றால் கூடவே கூடாது. ‘லேக்ஸ்’ என்றால் சாதாரண இணைப்பை அழுத்தி வந்தால் சரி, வேறு தளம் படிவத்தை அனுப்பினால் கூடாது. பிற்பாடு சேர்க்கப்பட்ட ‘நன்’ என்றால் எப்போதும் அனுப்பலாம். எதுவும் சொல்லாத குக்கி பழையபடி எல்லா இடத்துக்கும் போனது. பெரும்பாலான தளங்கள் எதுவும் சொல்லாமலே இருந்தன.

2020 பிப்ரவரியில் வந்த குரோம் 80 இதைத் தலைகீழாக்கியது. இனி எதுவும் சொல்லாத குக்கி ‘லேக்ஸ்’ என்றே கொள்ளப்படும். ‘நன்’ என்று சொன்னால் ‘செக்யூர்’ என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்தக் குக்கியைப் பிரவுசர் ஏற்காது.

இதில் அடிபட்டவை, லாகின் ஒரு தளத்திலும் மெயில் வேறொரு தளத்திலும் இருக்கும் அமைப்புகள். பெரிய நிறுவனங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் எல்லாச் சேவைகளுக்கும் பொதுவாக ஒரே லாகின் தளம் இருக்கும். மெயில் தளம் உங்களை அங்கே அனுப்பும் முன் ஒரு தற்காலிகக் குக்கியைக் கொடுத்துவிடும். அங்கே பாஸ்வேர்டு சரியென்றதும், அதற்கான சான்றை லாகின் தளம் ஒரு படிவமாக மெயில் தளத்துக்கு அனுப்பும். அந்தச் சான்றும் முன்பு தந்த தற்காலிகக் குக்கியும் ஒத்துப்போனால்தான் உள்ளே விடுவார்கள். ஆனால் வேறு தளத்திலிருந்து வரும் படிவத்துடன் ‘லேக்ஸ்’ குக்கி போகாதே! சான்று மட்டும் வந்து நிற்கும், குக்கி வராது, சர்வர் மறுத்துவிடும். இதை முன்கூட்டியே உணர்ந்து மைக்ரோசாஃப்ட் 2019 இறுதியிலேயே தன் டாட் நெட் மென்பொருளுக்குத் திருத்தம் வெளியிட்டது.

குரோம் பொறியாளர்களும் இந்தச் சிக்கலை எதிர்பார்த்திருந்தார்கள். அதனால் ஒரு தற்காலிகச் சலுகை வைத்தார்கள்: நிபந்தனை எதுவும் சொல்லாத குக்கி பிறந்து 2 நிமிடம் ஆகாதிருந்தால், வேறு தளத்திலிருந்து வரும் படிவத்துடனும் போகலாம். விளைவை எண்ணிப் பாருங்கள். பாஸ்வேர்டை மளமளவென்று அடித்துவிடுபவர் உள்ளே போய்விடுவார். ஓடிபி வந்த போனை அடுத்த அறையில் தேடி எடுத்துக்கொண்டு வருபவருக்கு 2 நிமிடம் தாண்டிவிடும், எரர் வரும். ஒரே அலுவலகம், ஒரே பிரவுசர், ஒரே சர்வர். ஒருவருக்கு வேலை செய்கிறது, பக்கத்து மேசைக்காரருக்குச் செய்வதில்லை. இப்படிப்பட்ட பிழையைப் பார்த்து, அவர் ஏதோ தப்பாக அடிக்கிறார் என்று முடிவு கட்டுவது மிக எளிது. அவர் மேல் ஒரு தப்பும் இல்லை.

கொரோனா பரவி எல்லோரும் இணையத்தையே நம்பியிருந்த நேரம் அது. அத்தியாவசியத் தளங்கள் முடங்கிவிடக் கூடாது என்று 2020 ஏப்ரல் 3 அன்று கூகுள் இந்த மாற்றத்தைத் திரும்பப் பெற்றது. ஜூலை 14 முதல் படிப்படியாக மீண்டும் கொண்டுவந்தது. இன்னொரு பக்கம், ஐஓஎஸ் 12-இல் இருந்த சஃபாரி, ஒரு பிழையால் ‘நன்’ என்பதை ‘ஸ்ட்ரிக்ட்’ என்றே எடுத்துக்கொண்டது. குரோமுக்காகச் செய்த திருத்தம் பழைய ஐபோனில் லாகினைக் கெடுத்தது. தளங்களை நடத்துபவர்கள் பிரவுசரைப் பார்த்து வேறுவேறு குக்கி அனுப்ப வேண்டியதாயிற்று.

இணைப்பும் பக்கமும்

முதல் கட்டமான இணைப்பு முறிந்தால் அடையாளம் வேறு. லாகின் பக்கமே வராது. முழுத்திரை எச்சரிக்கைதான் வரும். பிரவுசரும் சர்வரும் ரகசியமாகப் பேசப் பயன்படுத்தும் டிஎல்எஸ் நெறிமுறையின் 1.0 பதிப்பு 1999-இல் வந்தது, 1.1 2006-இல். இரண்டுமே காலப்போக்கில் பலவீனமாகிவிட்டன. 2008-இல் 1.2-உம் 2018-இல் 1.3-உம் வந்தன. 2018 அக்டோபரில் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட், மொஸில்லா நான்கும் பழைய இரண்டையும் கைவிடப்போவதாக அறிவித்தன. 2020 மார்ச்சில் ஃபயர்ஃபாக்ஸ் 74 அவற்றை நிறுத்தியபோது, நோய்த்தொற்றுத் தகவல் தரும் சில அரசுத் தளங்களே திறக்காமல் போயின. மொஸில்லா சிறிது காலத்துக்கு அவற்றை மறுபடி அனுமதித்தது. குரோம் 84 பழைய பதிப்புகளுக்கு முழுத்திரை எச்சரிக்கை காட்டத் தொடங்கியது. அதுவும் வெளியானது 2020 ஜூலை 14 அன்றுதான். குக்கி விதி திரும்பி வந்த அதே நாள்! இரண்டு சிக்கல்களுக்கு ஒரே அப்டேட்டைக் காரணம் சொல்ல நேர்வது இப்படித்தான்.

சர்வர் பழையதென்றால் பயனர் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. அதை நடத்துபவர்தான் புதுப்பிக்க வேண்டும். ஆனால் எச்சரிக்கை, சான்றிதழின் தேதியைப் பற்றிப் பேசுகிறதென்றால் முதலில் உங்கள் கணினியின் கடிகாரத்தைப் பாருங்கள். பழைய கணினிகளில் மதர்போர்டில் இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்துபோனால், அப்டேட்டுக்காக அணைத்துப் போட்டதும் தேதி சில ஆண்டுகள் பின்னுக்குப் போய்விடலாம். அந்தத் தேதிப்படி சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவே இல்லை, பிரவுசர் மறுத்துவிடும். தேதியைச் சரிசெய்தால் மெயில் திறந்துவிடும்.

இரண்டாவது கட்டம் முறிந்தால் பக்கம் வரும், ஆனால் அரைகுறையாக. பட்டன் அழுத்தினால் அசையாது, அல்லது வெள்ளைத் திரையில் நிற்கும். பிரவுசர் வேகத்துக்காகச் சேமித்து வைத்திருக்கும் பழைய நிரல் துண்டும் சர்வர் இப்போது அனுப்பும் புதிய பக்கமும் ஒத்துப்போகாமல் இருக்கலாம். அப்டேட்டுக்குப் பிறகு ஏதாவது எக்ஸ்டென்ஷன், குறிப்பாக விளம்பரத் தடுப்பான், லாகின் பக்கத்தின் நிரலைத் தடுத்துக்கொண்டிருக்கலாம். சில தளங்கள் பிரவுசரின் பதிப்பு எண்ணைப் படித்து, ‘உங்கள் பிரவுசர் பழையது’ என்று தவறாக மறுப்பதும் உண்டு. 2009-இல் ஓபரா 10 வந்தபோது, முதல் இலக்கத்தை மட்டும் படித்த தளங்கள் அதை ‘1’ என்று எடுத்துக்கொண்டன. அதனால் ஓபரா தன்னை 9.80 என்றே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. 2022-இல் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் 100-ஐத் தொடவிருந்தபோது அதே சிக்கல் வருமோ என்று இரு நிறுவனங்களும் முன்கூட்டியே சோதனை நடத்தின.

எங்கே சிக்கல் என்று கண்டுபிடிப்பது

முதலில் திரையைப் படியுங்கள். ‘பாஸ்வேர்டு தவறு’ என்று தெளிவாகச் சொன்னால் அது மேலே சொன்ன மூன்று கட்டத்திலும் சேராது. பிரவுசர் தானாக நிரப்பிய பழைய பாஸ்வேர்டை அழித்துவிட்டுக் கையால் அடியுங்கள். அழகி, என்எச்எம் ரைட்டர் போன்ற தமிழ் உள்ளீட்டு மென்பொருள் வைத்திருப்பவர்கள், தமிழ் விசைப்பலகை இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பாஸ்வேர்டுப் பெட்டியில் வெறும் புள்ளிகள்தான் தெரியும் என்பதால் கண்டுபிடிக்க முடியாது. கண் வடிவக் குறியை அழுத்தினால் உண்மை தெரிந்துவிடும்.

அடுத்து, போனில் உள்ள மெயில் ஆப்பைத் திறந்து பாருங்கள். அதில் புது மெயில் வருகிறதென்றால் கணக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. மெயில்களும் பத்திரமாக இருக்கின்றன. அவசர வேலையை அதிலேயே முடித்துக்கொண்டு நிதானமாகப் பிரவுசரைப் பார்க்கலாம்.

மூன்றாவது சோதனை, இன்காக்னிட்டோ ஜன்னல். அதில் பழைய குக்கி இருக்காது, சேமித்த பழைய பக்கம் இருக்காது, எக்ஸ்டென்ஷன்களும் நாம் அனுமதித்தால் ஒழிய இயங்காது. அங்கே லாகின் ஆகிவிட்டால் சிக்கல் உங்கள் பிரவுசரில் சேர்ந்திருக்கும் பழைய சரக்கில்தான். அங்கேயும் ஆகவில்லை என்றால் உடனே முடிவுக்கு வந்துவிடக் கூடாது. குரோமின் இன்காக்னிட்டோ, பிற தளங்களின் குக்கிகளை இயல்பாகவே தடுக்கும். அதனால் இன்னொரு பிரவுசரில் முயன்று பாருங்கள். அதிலும் முடியாவிட்டால் அலுவலக வைஃபையை விட்டுப் போனின் டேட்டாவுக்கு மாறிப் பாருங்கள். எங்குமே முடியாவிட்டால் சர்வர் பக்கம்தான் கோளாறு.

சிக்கல் பழைய சரக்கில் என்று தெரிந்தால், அந்த ஒரு தளத்தின் குக்கியையும் தரவையும் மட்டும் நீக்குங்கள். அட்ரஸ் பாரின் இடது ஓரத்தில் இருக்கும் சிறு குறியை அழுத்தினால் அதற்கான வழி இருக்கும். லாகின் வேறு முகவரியில் நடக்கிறதா என்பதையும் கவனியுங்கள். ஜிமெயில் திறப்பது மெயில்.கூகுள்.காம் என்ற முகவரியில். லாகின் நடப்பது அக்கவுண்ட்ஸ்.கூகுள்.காம் என்பதில். ஒன்றை மட்டும் நீக்கிவிட்டு மற்றதை விட்டால் பழைய குக்கி அங்கே அப்படியே கிடக்கும். இதற்கும் மசியாவிட்டால் எக்ஸ்டென்ஷன்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். பிற தளக் குக்கியை அனுமதித்தால்தான் உங்கள் அலுவலக மெயில் திறக்கிறது என்றால், அந்தத் தளத்துக்கு மட்டும் விதிவிலக்குக் கொடுங்கள். எல்லாத் தளங்களுக்கும் கதவைத் திறந்துவிட வேண்டாம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். மெயில் திறக்காத பதற்றத்தில் இருப்பவர்தான் மோசடிக்காரர்களுக்கு எளிதாகக் கிடைப்பவர். தேடலில் வரும் ‘வாடிக்கையாளர் சேவை’ எண்ணுக்குப் போன் செய்து ஓடிபியைச் சொல்லாதீர்கள். ‘பிரவுசரை அப்டேட் செய்ய இங்கே அழுத்தவும்’ என்று ஏதோ ஒரு பக்கம் சொன்னால் அழுத்தாதீர்கள். உண்மையான அப்டேட் பிரவுசரின் மெனுவிலேயே, ‘ஹெல்ப்’ பகுதியில் உள்ள ‘அபௌட்’ பக்கத்தில் இருக்கும். இரண்டு கட்டச் சரிபார்ப்பு வைத்திருப்பவர்கள் மாற்றுக் குறியீடுகளை இன்றே தாளில் எழுதி வையுங்கள். குக்கியை நீக்கியதும் ‘இது தெரிந்த கணினி’ என்ற நினைவும் போய்விடும், மெயில் மறுபடி சரிபார்ப்பைக் கேட்கும்.

யார் சரிசெய்ய வேண்டும்?

அப்டேட்டைக் குறை சொல்வது எளிது. ஆனால் அது பறித்துக்கொண்டது, மோசடிப் பக்கங்களும் அனுபவித்துவந்த ஒரு பழைய சலுகையை. அந்தச் சலுகையை நம்பியே தளத்தைக் கட்டியவர்கள்தான் திருத்த வேண்டும். அதற்கு அவகாசமும் தரப்படுகிறது. 2021 செப்டம்பரில் வந்த குரோம் 94 முதல், 6 வாரத்துக்கு ஒரு முறை வந்துகொண்டிருந்த புதிய பதிப்பு 4 வாரத்துக்கு ஒரு முறை வரத் தொடங்கியது. ஒவ்வொன்றும் பொதுமக்களுக்கு வரும் முன் பீட்டாவாக வெளியாகிறது. ஒரு கல்லூரியின் மெயிலை நடத்துபவர் பீட்டாவில் ஒரு முறை லாகின் செய்து பார்த்தாலே, அடுத்த மாதம் ஆயிரக்கணக்கான மாணவர்கள் தவிக்கப்போவதை முன்கூட்டியே அறிந்துவிடலாம். இதைச் செய்யாமல் ‘பழைய பிரவுசரைப் போட்டுக்கொள்ளுங்கள்’ என்று சொல்வது, தங்கள் வேலையை மிச்சப்படுத்தப் பயனரின் பாதுகாப்பை விலையாகக் கொடுப்பதாகும். அதை ஏற்கக் கூடாது.

பயனரின் பங்கும் இருக்கிறது. ‘மெயில் ஓப்பன் ஆகலை’ என்று மட்டும் புகார் எழுதினால், ‘குக்கியை நீக்கிப் பாருங்கள்’ என்ற ஒரே பதில்தான் வரும். எந்தப் பிரவுசர், எத்தனையாவது பதிப்பு. பக்கமே வரவில்லையா, அரைகுறையாக வந்ததா, பாஸ்வேர்டு கொடுத்த பின் திரும்பி வந்ததா. இன்காக்னிட்டோவிலும் வேறு பிரவுசரிலும் என்ன ஆயிற்று. இந்த மூன்று தகவலும் ஒரு மெயிலில் இருந்தால் அதைப் படிப்பவர் கோளாறு எந்தக் கட்டத்தில் என்று அப்போதே ஊகித்துவிடுவார். சர்வரில் ஒரு வரி திருத்தினால் போதும் என்றால், அந்தத் திருத்தம் உங்களுக்கு மட்டுமல்ல, அதே லாகின் பக்கத்தில் மாட்டிக்கொண்டு, தப்பு தன்மேல்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கும் எல்லோருக்கும் மெயிலைத் திறந்துவிடும்.